பதிவேட்டுக்கு வெளியே

மதத்தை விட்டு வெளியேறுவதில் இரண்டு காரியங்கள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, நம்பிக்கை போவது. அது மனத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. இரண்டாவது, அந்த நம்பிக்கையின் பெயரால் ஊரில் இயங்கும் அமைப்பின் கணக்கிலிருந்து விலகுவது. ஜமாஅத் பதிவேடு, சபை உறுப்பினர் பட்டியல், குலதெய்வக் கோயில் தலைக்கட்டு வரி என்று இந்தக் கணக்குக்குப் பல வடிவங்கள் உண்டு. யாருக்கு யார் பெண் கொடுப்பது, அவசரத்துக்கு யாரிடம் கைமாற்று வாங்குவது, இறந்தால் எங்கே அடக்கம் என்பதையெல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் முடிவு செய்கிறது. கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் அடங்கிய கொங்கு மண்டலத்தில் இந்த இரண்டாவது வேலைக்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் ஒரு சாராருக்கு வழி கிடைத்தது. இன்னொரு சாரார் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லா மத அமைப்புகளும் ஆளை ஒரே அளவுக்குப் பிடித்து வைப்பதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன், சீனாவில் நடந்த ‘மனமாற்ற’ முகாம்களிலிருந்து மீண்டவர்களை ஆராய்ந்து 1961இல் எழுதிய நூலில் கடுங்கட்டுப்பாட்டின் எட்டு இயல்புகளைக் குறித்தார். வெளியுலகச் செய்திகளை மறிப்பது, பாவத்தைப் பிறர் முன் அறிக்கையிட வைப்பது, தனக்கென்று ஒரு சொல்வழக்கை உண்டாக்கி அதற்கு வெளியே யோசிக்க விடாமல் செய்வது ஆகியவை அவற்றுள் சில. முன்னாள் கன்னியாஸ்திரியான சமூகவியலாளர் ஹெலன் ரோஸ் எபாஃப் 1988இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பயனுள்ளது. துறவறம் விட்டவர்கள், மணவாழ்வை விட்டவர்கள், தொழிலை விட்டவர்கள் எனப் பலரைப் பேட்டி கண்ட அவர், ஐயம், மாற்று தேடல், திருப்புமுனை என்ற படிகளைக் கடந்த பிறகே ‘முன்னாள்’ என்ற புதிய அடையாளத்தை ஒருவர் கட்டத் தொடங்குகிறார் என்று காட்டினார். கடைசிப் படிதான் நீளமானது. ஊர் அவரைப் பழைய ஆளாகவே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஓர் அமைப்பின் கட்டுப்பாட்டை அளக்க உள்ளே இருப்பவர்களின் வழிபாட்டையோ உடையையோ பார்ப்பதில் பெரிய பயனில்லை. வெளியே போனவருக்கு என்ன நேர்ந்தது என்று விசாரித்தால் போதும். அதே சமயம், உள்ளேயே இருக்கும் உரிமையும் வயது வந்தவர்களுக்கு உண்டு. வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் உள்ள ஈஷா யோகா மையத்தில் இருக்கும் தம் இரு மகள்களை மீட்டுத் தரக் கோரி ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தொடுத்த ஆட்கொணர்வு வழக்கை, 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. இரு பெண்களும் வயது வந்தவர்கள், விருப்பப்பட்டே அங்கு இருப்பதாகச் சொல்கிறார்கள் என்பதே அதற்குக் காரணம். பெற்றவர்களுக்கு இது எவ்வளவு கசந்தாலும், மதத்தை விட்டு வெளியேறுபவரைக் காக்கும் நியாயமும் இதே இடத்தில்தான் நிற்கிறது: வயது வந்தவரின் முடிவு அவருடையது.

ஈரோட்டில் திறந்த வழி

கொங்கு மண்ணில் மத மறுப்பு புத்தகத்திலிருந்து வந்த சரக்கு என்று சொல்ல முடியாது. அதன் தலைவர் கோயில் நிர்வாகத்திலிருந்தே வந்தார். 1879இல் ஈரோட்டின் வைணவ வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்த பெரியார் ஈ.வெ.ராமசாமி, ஈரோட்டு தேவஸ்தானக் குழுவின் தலைவராக இருந்து கோயில் கணக்குகளைப் பார்த்தவர். கோயிலின் பலம் கருவறையில் எவ்வளவு, கணக்குப் புத்தகத்தில் எவ்வளவு என்பது அவருக்கு நேரடியாகத் தெரிந்திருந்தது. 1925 மே 2 அன்று ஈரோட்டிலிருந்து ‘குடி அரசு’ வார இதழ் வெளிவரத் தொடங்கியது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடும், 1930 மே மாதம் ஈரோட்டில் இரண்டாவது மாநாடும் நடந்தன. பகத்சிங்கின் ‘நான் ஏன் நாத்திகன்?’ கட்டுரையை ப.ஜீவானந்தம் மொழிபெயர்க்க, 1935இல் அது ஈரோட்டில் நூலாக வந்தது. மொழிபெயர்த்தவரும் வெளியிட்ட ஈ.வெ.கிருஷ்ணசாமியும் கைதானார்கள்.

சுயமரியாதை இயக்கம் கடவுள் இல்லை என்று பேசியதோடு நின்றிருந்தால் அது ஒரு விவாத மன்றமாக முடிந்திருக்கும். புரோகிதர் இல்லாத திருமணம், சடங்கு இல்லாத இறுதி ஊர்வலம், பதினாறாம் நாள் காரியத்துக்குப் பதில் படத்திறப்பு, சாதிப் பின்னொட்டு இல்லாத பெயர் என்று மதம் நடத்தி வந்த ஒவ்வொன்றுக்கும் அது ஒரு மாற்றைக் கையில் கொடுத்தது. தீபாவளியை விட்டவர்களுக்குப் பொங்கல் இருந்தது. மாலை நேரம் கோயிலுக்குப் போகாதவர்களுக்குப் படிப்பகம் இருந்தது. யார் தலைமையில் எந்த ஊரில் எந்தத் திருமணம் நடந்தது என்று ‘குடி அரசு’ செய்தி போட்டது. சொந்தக்காரர்கள் வராத கல்யாணத்துக்கு அந்த நாலுவரிச் செய்தியே ஊரறிந்த சாட்சி.

கொங்கில் இது வேர்பிடிக்க இன்னொரு காரணமும் இருந்திருக்க வேண்டும். கொங்கு வேளாளர் திருமணத்தைப் பழைய முறைப்படி நடத்தி வைப்பவர் அந்தச் சாதியைச் சேர்ந்த அருமைக்காரர். மங்கல வாழ்த்துப் பாடுபவர் நாவிதர். ஐயர் வந்து ஓதித்தான் தாலி ஏற வேண்டும் என்பது இந்த வட்டாரத்தின் ஆதி வழக்கமல்ல. ஆகவே ஐயர் இல்லாத கல்யாணம் என்பது இங்கே பலருக்கும் அதிர்ச்சியாக இருக்கவில்லை. சாதி இல்லாத கல்யாணம்தான் அதிர்ச்சியாக இருந்தது, இருக்கிறது.

சட்டம் மெதுவாகவே பின்தொடர்ந்தது. 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் சடங்கில்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அத்தகைய திருமணம் செய்த பெண்களின் நிலையும் அவர்களின் பிள்ளைகளின் சொத்துரிமையும் கேள்விக்குள்ளாயின. அண்ணா முதல்வரானதும் 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் திருத்தம் நிறைவேறி, 1968 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. உற்றார், நண்பர்கள் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில் இருவரும் தமக்குப் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ போதும். தாலி கட்டினாலும் சரி. முன்பு நடந்த திருமணங்களையும் அது செல்லுபடியாக்கியது. 2023 ஆகஸ்டில் இளவரசன் வழக்கில், இத்தகைய திருமணத்துக்குப் பகிரங்க அறிவிப்பு தேவையில்லை, வழக்கறிஞர்கள் நண்பர் என்ற முறையில் முன்னின்று நடத்தி வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊரை விட்டு ஓடிவரும் இணையருக்கு ஊரைக் கூட்டச் சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதை நீதிமன்றம் புரிந்துகொண்டதன் அடையாளம் அது.

இந்தச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 7ஏ பிரிவு இரண்டு இந்துக்களுக்கு இடையே நடக்கும் திருமணத்துக்கு மட்டுமே பொருந்தும். முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத அனைவரையும் இந்து திருமணச் சட்டம் தன் வரம்புக்குள் கொண்டுவருவதால், கருஞ்சட்டை போட்டுக் கடவுளை மறுத்தவரும் கல்யாணம் என்று வரும்போது சட்டத்தின் கண்ணில் இந்துவாகவே நின்று மாலை மாற்றுகிறார். அவருக்கு அது பெரிய இடைஞ்சல் தராது. முஸ்லிமாகவோ கிறிஸ்தவராகவோ பிறந்து வெளியேறியவருக்கு அந்த வழி கிடையாது.

இந்து சமூகத்தில் பிறந்தவர்களுக்கு எல்லாம் எளிதாகிவிட்டது என்பதும் இல்லை. அவர்கள் விஷயத்தில் கண்காணிப்பு கோயிலைவிடச் சாதியிடம் இருக்கிறது. கடவுளை மறுத்த மகனைச் சகித்துக்கொள்ளும் குடும்பம் சாதி மாறி மணக்கும் மகளைச் சகிப்பதில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், சாதி மாறி மணந்த சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவி கௌசல்யா படுகாயத்தோடு பிழைத்தார். பிறகு அவர் பறை கற்றார், சாதி ஒழிப்பு மேடைகளில் பேசினார், 2018 டிசம்பரில் கோவை காந்திபுரத்தில் தந்தை பெரியார் திராவிடர் கழக அலுவலகத்தில் மறுமணம் செய்துகொண்டார். அரசு வேலை, இயக்கத் தோழர்கள், சென்று தங்க ஓர் இடம் மூன்றும் அவருக்கு அமைந்தன. இந்த மூன்றும் அமையாதவர்களின் கதை செய்தியாவதில்லை.

உக்கடத்தின் கணக்கு வேறு

கோவையில் முஸ்லிமாகப் பிறந்து நம்பிக்கை இழந்தவரின் நிலையை விளங்கிக்கொள்ள 1997-98ஐத் தெரிந்திருக்க வேண்டும். 1997 நவம்பர் 29 அன்று உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டார். அடுத்த இரண்டு நாட்களில் நடந்த வன்முறையிலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர், கடைகள் சூறையாடப்பட்டன. 1998 பிப்ரவரி 14 அன்று நகரெங்கும் தொடர் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டனர். அதன்பின் கோட்டைமேடு, உக்கடம், கரும்புக்கடை, குனியமுத்தூர்ப் பகுதிகளுக்குள் முஸ்லிம் வாழ்க்கை மேலும் நெருங்கி ஒடுங்கியது. மற்ற பகுதிகளில் பெயரைக் கேட்டதும் வாடகைக்கு வீடு இல்லை என்று சொல்வது வழக்கமாயிற்று. ஜமாஅத் ஒரு வழிபாட்டுக் குழுவாக மட்டும் இருந்த காலம் போய், வழக்குச் செலவுக்கும் மருத்துவச் செலவுக்கும் கைகொடுக்கிற, காவல் நிலையத்தில் கூட வந்து நிற்கிற ஒரே அமைப்பாக ஆனது.

அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் நம்பிக்கையை விட்டால் அவர் இழப்பது தொழுகையை மட்டும் என்று சொல்லிவிட முடியாது. தமக்கு வீடு தரும் ஒரே பகுதியையும் இழக்க நேர்கிறது. வெளியே வந்தாலும் பெயர் அப்படியே இருக்கிறது. பீளமேட்டிலோ சாய்பாபா காலனியிலோ வீடு பார்க்கப் போகும் நாத்திகர் ஒருவர், வீட்டுக்காரருக்கு முஸ்லிம்தான். உள்ளே முர்தத் (மதம் விட்டவர்), வெளியே பாய். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க அடிமண் மிகக் குறைவு.

இரும்புக்கடை வியாபாரியான ஃபாரூக் அந்த நடுவில் நின்றவர். தெற்கு உக்கடத்தைச் சேர்ந்த, 31 வயதான, இரு குழந்தைகளின் தந்தை. கொளத்தூர் மணி தலைமையிலான திராவிடர் விடுதலைக் கழகத்தின் உறுப்பினர். பெரியார் திராவிடர் கழகம் 2012இல் இரண்டாகப் பிரிந்தபோது உருவான இயக்கம் அது. மற்றொன்று கோவை ராமகிருஷ்ணன் தலைமையிலான தந்தை பெரியார் திராவிடர் கழகம். ஃபாரூக் கடவுள் மறுப்புக்கென ஒரு வாட்ஸ்அப் குழு நடத்தினார். ‘கடவுள் இல்லை’ என்று எழுதிய அட்டையைத் தம் குழந்தை ஏந்தி நிற்கும் படத்தை முகநூலில் போட்டார். 2017 மார்ச் 16 இரவு, தொலைபேசி அழைப்பு வந்து வீட்டிலிருந்து கிளம்பியவரை உக்கடம் கழிவுநீர்ப் பண்ணைப் பக்கம் ஒரு கும்பல் வெட்டிக் கொன்றது. அடுத்த நாட்களில் சிலர் நீதிமன்றத்தில் சரணடைந்தார்கள், சிலர் கைதானார்கள். மதத்தை விமர்சித்ததே கொலைக்குக் காரணம் என்று காவல்துறை தெரிவித்தது.

ஃபாரூக்கின் தந்தை நம்பிக்கையுள்ள முஸ்லிம். மகன் கொல்லப்பட்ட பிறகு, தாமும் மகன் இருந்த இயக்கத்தில் சேர்வதாகவும் அவன் வேலையைத் தொடர்வதாகவும் அவர் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். குடும்பத்துக்காக இயக்கத் தோழர்கள் நிதி திரட்டினார்கள். மிரட்டிப் பணிய வைக்க நினைத்த கொலை, ஒரு தந்தையையும் வெளியே தள்ளியது.

கொலைக்கு முந்தைய ஆண்டு, 2016 செப்டம்பரில், இந்து முன்னணியின் சசிகுமார் கோவையில் கொல்லப்பட்டு, அதையொட்டி முஸ்லிம் கடைகள் தாக்கப்பட்டிருந்தன. அந்தச் சூழலில் இஸ்லாத்தை விமர்சிக்கும் முஸ்லிம் பெயருடைய ஒருவரின் சொல் எங்கே போய்ச் சேரும் என்ற கேள்வி தவிர்க்க முடியாதது. இந்துத்துவ அரசியல் அதைத் தன் சாட்சியமாக எடுத்துக்கொள்ளக் காத்திருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் அதைக் காட்டிக்கொடுத்தலாகப் பார்க்கிறார்கள். ஃபாரூக் பெரியார் இயக்கத்தில் இருந்தது, எல்லா மதத்தையும் ஒருசேர மறுக்கும் இடத்திலிருந்து பேச அவருக்கு உதவியது. ஆனால் அந்த இயக்கத்துக்கும் இஸ்லாம் விஷயத்தில் ஒரு தயக்கம் உண்டு. தீண்டாமை ஒழிய இஸ்லாத்துக்குப் போகலாம் என்று பெரியாரே பலமுறை பேசியவர். சாதியிலிருந்து தப்பிக்கும் வாசலாக இஸ்லாத்தைப் பார்த்த இயக்கம், அந்த வாசல் வழியாக வெளியே வருபவர்களைப் பற்றி அதிகம் யோசித்ததில்லை. சிறுபான்மையினர் தாக்கப்படும் காலத்தில் அந்தத் தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியதே. எனினும் அதன் செலவை ஏற்பவர்கள் சிறுபான்மையினருள் சிறுபான்மையினர்.

விலக்கும் அதிகாரம்

தண்டிக்க எப்போதும் கொலை தேவையில்லை, ஊர்விலக்கமே போதும். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையைச் சேர்ந்த கவிஞர் எச்.ஜி.ரசூல், இஸ்லாத்தில் மது பற்றி எழுதிய கட்டுரைக்காக 2007இல் ஜமாஅத்தால் குடும்பத்தோடு விலக்கி வைக்கப்பட்டார். அவர் மதத்தை விட்டவர் அல்லர். உள்ளிருந்தே மறுவாசிப்புச் செய்தவர். விலக்கம் என்றால் நடைமுறையில் என்ன? வீட்டு நிக்காஹ் ஜமாஅத் தஃப்தரில் (பதிவேட்டில்) ஏறாது. பெண் எடுக்கும் இடத்து மஹல்லாவுக்கு இங்கிருந்து போக வேண்டிய கடிதம் போகாது. மையவாடியில் இடம் கேட்டு நிற்க வேண்டும். விலக்கப்பட்டவர் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போகிறவரும் கேள்விக்கு உள்ளாவார். ஒருவரைத் தண்டிக்க ஊரையே காவல் வைக்கும் ஏற்பாடு இது.

இதற்கு எதிராக, மஹாராஷ்டிரத்தில் சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கும் சட்டம் 2016இல் வந்தது. அதற்கு வெகு முன்பே, 1949இல், பம்பாய் மாகாணம் மத விலக்கத்தைத் தடை செய்திருந்தது. தாவூதி போரா சமூகத்தின் தலைவர் தொடுத்த வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. விலக்கி வைப்பது மத நிர்வாகத்தின் உரிமை என்றது அந்தத் தீர்ப்பு. அதை மறுபரிசீலனை செய்யும் கேள்வியை 2023இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. சென்னை உயர் நீதிமன்றம் 2016 டிசம்பரில் பள்ளிவாசல்களில் ஷரீஅத் கவுன்சில்கள் நீதிமன்றம் போல நடப்பதற்குத் தடை விதித்தது ஒரு சிறு முன்னேற்றம்.

கிறிஸ்தவச் சபைகளின் நிலை சற்று வேறு. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குத் தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்களில் பலருக்குச் சுதந்திரப் பெந்தெகொஸ்தே சபைகள்தான் சொந்த ஊருக்கு மாற்று. சில சபைகளில் நகை கூடாது, சினிமா கூடாது, இன்னும் சிலவற்றில் மாத்திரை மருந்தும் விசுவாசக் குறைவு. தசமபாகக் காணிக்கை தவறினால் போதகர் வீட்டுக்கு வருவார். போகாமல் நின்றுவிட்டவர் ‘பின்வாங்கிப்போனவர்’; அவருக்காக ஜெபம் நடக்கும், அவரோடு பேச்சு நடக்காது. சபைகள் சிறியவை, நிறைய இருக்கின்றன என்பதால் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போய்விடலாம். மொத்தமாக விட்டவருக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை நீண்டுபோகிறது.

மத அமைப்பின் அதிகாரம் அரசு அலுவலகத்துக்குள் நுழையும்போது நடப்பதைக் கொங்கு நாடு 2015 ஜனவரியில் பார்த்தது. திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயில் தேர்த்திருவிழாவைப் பின்னணியாகக் கொண்ட ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிராகக் கடையடைப்பும் புத்தக எரிப்பும் நடந்திருந்தன. நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை என்ற பெயரில் நாவலாசிரியர் பெருமாள்முருகனிடம் நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கப்பட்டது. எழுதுவதை விடுவதாக அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பேச்சுவார்த்தை முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. அவர் மதத்தையோ ஊரையோ மறுத்தவர் அல்லர், உள்ளூர் வழக்கத்தை நாவலில் எழுதியவர். ‘ஊர் மனம் புண்பட்டது’ என்று ஒரு கூட்டம் சொன்னதும் அதிகாரிகள் கூட்டத்தை ஊராக ஏற்றுக்கொண்டார்கள். மத அரசியலின் பலம் பெரும்பாலும் இந்த ஒப்புதலில் அடங்கியிருக்கிறது. ஜமாஅத், சாதிச் சங்கம், இந்து அமைப்பு எதுவானாலும் தேர்தல் நேரத்தில் வேட்பாளர் வந்து நிற்கும் இடம் அதன் அலுவலகம்தான். வெளியேறியவர்களுக்கு அலுவலகம் இல்லை, வாக்குக் கணக்கும் இல்லை.

கல்யாணம், சாவு, சொத்து

வெளியேறியவர் வாழ்க்கையை மீண்டும் கட்டும்போது முதலில் மோதும் சுவர் திருமணம். முஸ்லிமாகவோ கிறிஸ்தவராகவோ பிறந்தவருக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் மட்டுமே மதம் சாராத வழி. இருவரில் ஒருவராவது பதிவு செய்யும் மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். விண்ணப்பித்தபின் இன்னும் 30 நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை இருவரின் பெயர், வயது, தொழில், முகவரியோடு திருமண அறிவிப்பு சார்பதிவாளர் அலுவலகத்தில் எல்லார் பார்வைக்கும் தொங்கும். பத்திரம் பதிய வருகிறவர்கள், தரகர்கள், எழுத்தர்கள் நடமாடும் இடம் அது. சொந்தக்காரர்களுக்குத் தகவல் போவதற்கு வேறு ஏற்பாடு தேவையில்லை. சாதி மறுப்பு, மத மறுப்பு இணையருக்காக 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப்பிரிவு அமைக்கச் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அவ்வாறே சொன்னது. இவை இணையருக்கானவை. ஜோடியில்லாமல், கொள்கைக்காக மட்டும் தனியாக வெளியே வந்த ஃபாரூக் போன்றவருக்குத் தனிப்பிரிவு ஏதும் இல்லை.

சொத்து அதைவிடச் சிக்கல். மதம் விட்டதால் வாரிசுரிமை பறிபோகாது என்று 1850ஆம் ஆண்டின் சட்டமே சொன்னது. அது வாங்குவதற்கான உரிமை. தம் சொத்தை எப்படிக் கொடுப்பது என்பது வேறு. நம்பிக்கையற்றவராக வாழ்ந்தாலும் முஸ்லிமாகப் பிறந்தவரின் சொத்து ஷரீஅத் முறைப்படியே பிரியும் என்ற நிலை தொடர்கிறது. ஒரே மகள் இருந்தால் அவளுக்குப் பாதி. மீதி மற்ற உறவுகளுக்கு. உயில் எழுதினாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிசுகளின் சம்மதமின்றிச் செல்லாது. ஆலப்புழையைச் சேர்ந்த சஃபியா, கேரளத்தின் முன்னாள் முஸ்லிம்கள் அமைப்பின் சார்பில், மதம் விட்டவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்த வேண்டும் எனத் தொடுத்த வழக்கை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. இதற்கிடையே இன்னொரு வழியைக் காசர்கோட்டு வழக்கறிஞரும் நடிகருமான சி.ஷுக்கூர் காட்டினார். மூன்று பெண் குழந்தைகளின் தந்தையான அவர், 2023 மார்ச் 8 அன்று தம் மனைவியையே சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மறுபடி மணந்தார். அச்சட்டப்படி பதிவானால் வாரிசுரிமை இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்கு மாறிவிடும். அவர் மதத்தை விடவில்லை. ஆனால் அவர் காட்டிய வழி விட்டவர்களுக்கும் பொருந்தும். பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் இதைப் பற்றிய பேச்சு இன்னும் சூடுபிடிக்கவில்லை.

சாவுக்கு மாநகராட்சி மயானம் இருக்கிறது. கோவையில் எரிவாயு மயானங்கள் சிலவற்றை ஈஷா பராமரிக்கிறது என்பதால், மதமற்ற இறுதிப் பயணமும் ஓர் ஆன்மிக அமைப்பின் வாசலில் முடியலாம். பகுத்தறிவாளர்கள் பலர் தேர்ந்தெடுப்பது உடற்கொடை. கோவை அரசு மருத்துவக் கல்லூரி போன்ற கல்லூரிகளின் உடற்கூறியல் துறையில் உயிரோடிருக்கும்போதே ஒப்புதல் எழுதிக் கொடுக்க வேண்டும். சாட்சிக் கையெழுத்து நெருங்கிய உறவினருடையதாக இருப்பது நல்லது. இறந்ததும் மருத்துவரின் சான்றோடு குடும்பத்தார்தான் உடலை ஒப்படைக்க வேண்டும். உடற்கூறாய்வு செய்த உடலை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆக, வாழ்நாளெல்லாம் மறுத்த சடங்கை மரணத்துக்குப் பின் தவிர்ப்பது குடும்பத்தின் கையில் இருக்கிறது. குடும்பம் மனம் மாறினால் ஒப்புதல் படிவம் அலமாரியிலேயே கிடக்கும். இயக்கத் தோழர்கள் சாவு வீட்டுக்கு முதல் ஆளாக ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மனக் கணக்கு கடைசியாகத் தீர்கிறது. நரகம் இல்லை என்று பகலில் வாதாடுபவர் இரவில் அதைக் கனவில் காண்பது அரிதல்ல. சிறுவயதில் விதைக்கப்பட்ட அச்சம் வாதத்துக்குக் கட்டுப்படாது; நாளாக நாளாகத் தேயும். நோன்புக் காலத்தில் தெருவெல்லாம் கஞ்சி மணக்கும்போதும், கிறிஸ்துமஸ் இரவில் பாடல் குழு அடுத்த வீட்டோடு திரும்பிப் போகும்போதும் விட்டவர்களுக்கு ஏக்கம் வருகிறது. அது நம்பிக்கை திரும்பியதன் அறிகுறி என்று கொள்ள வேண்டியதில்லை. பாட்டும் சாப்பாடும் கூட்டமும் மதத்துக்கு மட்டும் சொந்தமானவை அல்ல என்பதைச் சுயமரியாதைக் குடும்பங்கள் பொங்கல் விழாக்களிலும் குடும்பச் சந்திப்புகளிலும் நூறாண்டாகக் காட்டி வருகின்றன. வாசிப்பும் ஒரு துணை. எஸ்.வி.ராஜதுரையும் வ.கீதாவும் எழுதிய ‘பெரியார்: சுயமரியாதை சமதர்மம்’ போன்ற நூல்களை வெளியிட்ட விடியல் பதிப்பகம் கோவையில் தொடங்கியதுதான். பெண்களுக்கு இந்தக் கட்டம் கூடுதல் கடினம். இயக்கக் கூட்டம் முடிந்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் வசதி அவர்களுக்கு இல்லை. சொந்தச் சம்பாத்தியம் இல்லாதவர் நம்பிக்கை போனதை வெளியே சொல்வதே இல்லை.

பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கையில் கேள்வி மறுபடி எழுகிறது. சாதி, மதம் குறிப்பிட விரும்பாதவர் அந்த இடத்தை வெற்றாக விடலாம் என்று தமிழக அரசு 1973லும் 2000லும் ஆணை பிறப்பித்திருக்கிறது. அரசாணையைப் பள்ளி அலுவலகம் படித்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2019 பிப்ரவரியில் திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா, பல ஆண்டு முயற்சிக்குப் பின் ‘சாதி, மதம் அற்றவர்’ என்ற சான்றிதழைப் பெற்றார். 2022இல் கோவையில் பள்ளிகள் வெற்றிடத்தை ஏற்காததால் ஒரு தந்தை தம் சிறு மகளுக்கு அதே சான்றை வட்டாட்சியரிடம் வாங்கினார். 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, கேட்பவர்களுக்கு இத்தகைய சான்று வழங்க வகை செய்யும்படி அரசுக்கு உத்தரவிட்டது. மதம் எதுவும் இல்லை என்று சொல்வதும் மனச்சான்றுச் சுதந்திரத்துள் அடங்கும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2014லேயே சொல்லியிருந்தது. சான்றுக்கு விலை உண்டு. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் உள்ள 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உட்பட சாதி, மதம் சார்ந்த எந்த இடஒதுக்கீடும் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காது. வசதியுள்ளவர் எளிதில் கொடுக்கும் விலையை இரும்புக்கடைக்காரரின் பிள்ளையால் கொடுக்க முடியாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுதும் சுமார் 28.7 லட்சம் பேர் ‘மதம் குறிப்பிடாதோர்’ என்ற தலைப்பில் வந்தனர். நாத்திகர் என்று வெளிப்படையாகச் சொன்னவர்கள் மிகச் சிலர். அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. அதில் சாதியும் சேர்கிறது. வீட்டில் இருப்போர் அனைவரைப் பற்றிய விவரத்தையும் வழக்கமாகச் சொல்பவர் குடும்பத் தலைவர். உக்கடத்திலும் திருப்பூரிலும் திருச்செங்கோட்டிலும் யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டவர்களின் பெயருக்கு எதிரே தகப்பனார் சொல்லும் மதமே பதிவாகும்.